நியூயார்க் நகரில் ஒரு மாணவர்

பம்பாய்ப் பரேல் பகுதியின் தொழிலாளர் குடியிருப்பில், சமையலும் உறக்கமும் ஒரே அறையில் நிகழ்ந்த வீட்டில், பின்னிரவு இரண்டு மணிக்குத் தந்தையார் எழுப்பிவிட, விளக்கொளியில் அமர்ந்து பாடம் படித்த சிறுவரே பின்னாளில் பேரறிஞராய்த் திகழ்ந்த அண்ணல் அம்பேத்கர். வடமொழி பயில விரும்பினார், தீண்டத்தகாதவர் என்று கூறி அதை மறுத்தனர், பாரசீகம் பயின்றார். 1907-ல் மெட்ரிகுலேஷன் தேறினார். அடுத்த ஆண்டு எல்பின்ஸ்டன் கல்லூரியில் சேர்ந்தார். பரோடா மன்னர் சயாஜிராவ் கெயிக்வாட் திங்கள்தோறும் 25 ரூபாய் உதவித்தொகை வழங்கினார். 1912-ல் பி.ஏ. பட்டம் கிட்டியது. 1913 பிப்ரவரியில் தந்தையார் இராம்ஜி மறைந்தார். மகனின் கல்விக்காகக் கடன்பட்டு உழைத்த அம்முதியவர், மகன் கடல் கடந்ததைக் காண இருக்கவில்லை.

அவ்வாண்டு ஜூன் மாதம் பரோடா அரசுடன் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மூன்றாண்டு அமெரிக்காவில் பயில வேண்டும். திரும்பியபின் பத்தாண்டு பரோடாவில் பணியாற்ற வேண்டும். உதவித்தொகை மாதம் பதினொன்றரைப் பவுன். ஜூலைத் திங்களில் நியூயார்க் சேர்ந்து, கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் அரசியல் இயல் புலத்தில் மாணவரானார். தொட்டால் தீட்டு என்று விலகுவோர் அங்கில்லை. ஒரே மேசையில் உண்ணவும் ஒரே நூலகத்தில் அமரவும் அவருக்குத் தடையில்லை. நம்மவர் ஒருவர் அதற்கு முன் காணாத உலகம் அது.

அங்கு அவர் பயின்றவற்றின் கணக்கை அறிந்தால் இன்றைய மாணவர் வியப்பர். பொருளியலில் 29 பாடங்கள், வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3, இவற்றோடு பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் தொடக்கப் பாடம் ஒவ்வொன்று. அரசியல் என்னும் பெயரில் மூன்றே பாடங்கள் என்று எண்ணிவிடலாகாது. வரலாற்று வகுப்பிலேயே அரசியலின் ஆணிவேரை அவர் கண்டார். அரசர்களின் போர்களை மட்டும் அடுக்குவது வரலாறன்று, மக்களின் வாழ்வும் எண்ணமும் மாறிவந்த கதையே வரலாறு என்று கற்பித்த ஜேம்ஸ் ஹார்வி ராபின்சன் அங்கு ஆசிரியர். 1919-ல் பாரிஸ் சமாதான மாநாட்டில் பங்குகொண்டு, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு உருவாக உழைத்த ஷாட்வெல்லும் அங்கு ஆசிரியர். அவரிடம் பயின்ற மாணவர் 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை ஏற்று நடத்தியதைத் தற்செயல் என்று ஒதுக்க எமக்கு மனம் வரவில்லை. தத்துவத்தில் ஜான் டூயியும், பொருளியலில் செலிக்மனும் அவருடைய சிந்தனையை உருவாக்கினர்.

1916 மே 9-ஆம் நாள், கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில், இருபத்தைந்து வயது அம்பேத்கர் இந்தியச் சாதிகளைப் பற்றிய கட்டுரையைப் படித்தார். அகமணமே சாதியின் உயிர்நாடி என்று அதில் நிறுவினார். ஒரு கூட்டம் தனக்குள்ளேயே மணவுறவை அடைத்துக்கொள்ளும்போது, துணை இழந்த ஆணும் பெண்ணும் அந்த வேலியைத் தாண்டாதிருக்க வழி தேட வேண்டியதாகிறது. உடன்கட்டை, கைம்மை, குழந்தை மணம் ஆகிய மூன்றும் அவ்வழிகளே என்று விளக்கினார். சாதியை மனு படைத்தார் என்னும் கருத்தையும் மறுத்தார். முதலில் ஒரு வகுப்பு கதவடைத்தது. ஏனையோர் அதைப் பின்பற்றித் தாமும் அடைத்துக்கொண்டனர் என்பது அவர் வாதம். கடவுள் விதித்தது, கருமத்தால் வந்தது என்று சொல்லப்பட்ட ஒன்றுக்குத் தொடக்கமும் காரணமும் உண்டென்று, தீண்டப்படாதவராய்ப் பிறந்த ஒருவர் அறிஞர் அவையில் காட்டினார்.

உதவித்தொகையில் ஒரு பகுதியை வீட்டுக்கு அனுப்பி, எஞ்சியதில் சிக்கனமாய் வாழ்ந்தும், பழைய புத்தகக் கடைகளில் ஏறத்தாழ 2,000 நூல்களை வாங்கிச் சேர்த்தார் என்பர். 1915-ல் எம்.ஏ. பெற்றார், முனைவர் பட்ட ஆய்வையும் தொடங்கி, 1916-ல் லண்டன் சென்றார். உதவித்தொகை முடிந்ததால் 1917-ல் படிப்பை இடையில் விட்டுத் திரும்ப நேர்ந்தது. தனிக் கப்பலில் அனுப்பிய அவருடைய உடைமைகள் போரில் கடலுள் மூழ்கின. இழப்பீடாகக் கிடைத்த 600 ரூபாயே பரோடா சென்று பணியேற்கச் செலவுக்காயிற்று.

பரோடாவில் அவருக்கு வீடு கொடுப்பாரில்லை. பார்சி விடுதியில் வேறு பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடியேந்திய கூட்டமொன்று வந்து வெளியேற்றியது. நியூயார்க்கில் மாணவர் விடுதியில் இயல்பாய் வாழ்ந்தவர், இங்கே பொதுப் பூங்காவில் மாலை வரை அமர்ந்திருந்து, இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார்.

ஆயினும் படிப்பு முடிந்துவிடவில்லை. சிடனாம் கல்லூரியில் பேராசிரியராய்ப் பணிபுரிந்து பணம் சேர்த்தும், நண்பரிடம் கடன் பெற்றும், கோலாப்பூர் மன்னர் சாகுவின் துணையாலும் 1920-ல் மீண்டும் லண்டன் சென்றார்; 1923-ல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். கொலம்பியாவின் முனைவர் பட்டத்திற்கோ, ஆய்வேட்டை அச்சிட்டு அளிக்க வேண்டும் என்பது விதி. மாகாண நிதியின் வளர்ச்சி பற்றிய அவருடைய நூல் 1925-ல் அச்சேறியது. பரோடா மன்னருக்கே அதைக் காணிக்கையாக்கினார். 1927-ல் பட்டம் வந்தது. அதே ஆண்டு மார்ச்சில்தான் அவர் மகாத்தில் சவதார் குளத்து நீரை அள்ளிப் பருகியிருந்தார்.