கற்பலகைகளை உடைத்த மோசே

எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரவேல் மக்களை மீட்டு வந்தவர் மோசே. மோசஸ் என்றும் இவரைச் சொல்வார்கள். இவரது கதை எபிரேய வேதத்தில் விரிவாக இருக்கிறது. உலகிலேயே மிகவும் சாந்தமானவர் என்று அந்த வேதம் இவரைப் புகழ்கிறது. ஆனால், இவருக்கு வந்த கோபங்களும் அதில்தான் எழுதப்பட்டுள்ளன!

எபிரேயர்களின் ஆண் குழந்தைகளை நைல் நதியில் வீசும்படி மன்னன் பார்வோன் கட்டளையிட்டிருந்த காலம். மோசேயை மூன்று மாதம் ஒளித்து வளர்த்த தாய், பிறகு நாணல் கூடையில் வைத்து ஆற்றோரம் விட்டார். குளிக்க வந்த இளவரசி எடுத்து வளர்த்தாள்.

பெரியவனானதும் ஒருநாள், எபிரேய அடிமையை ஒரு எகிப்தியன் அடிப்பதைப் பார்த்தார் மோசே. பொறுக்க முடியவில்லை. யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, அவனைக் கொன்று மணலில் புதைத்துவிட்டார். விஷயம் வெளியே தெரிந்ததும் மீதியான் தேசத்துக்கு ஓடினார். அரண்மனையில் வளர்ந்தவர் ஆடு மேய்த்தார்.

பார்வோன் முன்னால் போய் நின்றபோது அவருக்கு வயது 80. பேச்சு சரளமாக வராது என்பதால், 83 வயது அண்ணன் ஆரோன் அவருக்காகப் பேசினார். கடைசியில் மக்களுக்கு விடுதலை கிடைத்தது.

சீனாய் மலை அடிவாரத்தில், சிலை எதையும் வணங்க மாட்டோம் என்று மக்கள் கடவுளுக்கு வாக்குக் கொடுத்தார்கள். மோசே மலைமேல் ஏறி 40 நாட்கள் தங்கினார். அவர் வரத் தாமதமானதும் கீழே இருந்தவர்களுக்குப் பயம் வந்துவிட்டது. ஆரோனை நெருக்கினார்கள். அவரும் அவர்களுடைய தங்கக் காதணிகளை வாங்கி உருக்கி, ஒரு கன்றுக்குட்டி செய்து கொடுத்தார். ஒரே ஆட்டம், பாட்டம்!

மலைமேல் இருக்கும்போதே கடவுள் இதை மோசேக்குச் சொன்னார். மக்களை அழிக்கப் போவதாகவும் சொன்னார். வேண்டாம் என்று மன்றாடித் தடுத்தவர் மோசேதான். ஆனால் இறங்கி வந்து கண்ணால் பார்த்ததும், அவருக்கே ஆத்திரம் பொங்கியது. கடவுள் எழுதிக் கொடுத்த இரண்டு கற்பலகைகளையும் வீசி உடைத்தார். கன்றுக்குட்டியைச் சுட்டெரித்து, பொடியாக்கி, தண்ணீரில் கலந்து மக்களையே குடிக்க வைத்தார்.

ஆரோன் சொன்ன சாக்கு என்ன தெரியுமா? தங்கத்தை நெருப்பில் போட்டாராம், கன்றுக்குட்டி தானாக வந்துவிட்டதாம்!

சிரிப்பு அதோடு சரி. மோசேயின் கட்டளைப்படி அன்று சுமார் 3,000 பேர் வாளால் கொல்லப்பட்டதாக வேதம் சொல்கிறது. படிக்கவே கஷ்டமான பகுதி இது. மறுநாள் அதே மோசே மீண்டும் மலையேறினார். இவர்களை மன்னியுங்கள், இல்லாவிட்டால் உங்கள் புத்தகத்தில் இருந்து என் பெயரையும் அழித்துவிடுங்கள் என்று கடவுளிடம் கேட்டார். பிறகு, உடைந்த பலகைகளுக்குப் பதிலாக இரண்டு புதிய கற்பலகைகளைத் தன் கையாலேயே செதுக்கிக்கொண்டு மேலே போனார்.

பல ஆண்டுகள் கழித்து, பாலைவனத்தில் தண்ணீர் இல்லாமல் மக்கள் சண்டைக்கு வந்தார்கள். பாறையிடம் பேசினால் தண்ணீர் வரும் என்றார் கடவுள். மோசேயோ மக்களைக் கடிந்துகொண்டு, கோலால் பாறையை இரண்டு முறை ஓங்கி அடித்தார். தண்ணீர் வந்தது. ஆனால், வாக்களிக்கப்பட்ட கானான் நாட்டுக்குள் நுழையும் பாக்கியம் அவருக்குப் போய்விட்டது.

நேபோ மலை உச்சியில் நின்று அந்த நாட்டைத் தூரத்தில் இருந்தே பார்த்தார். அங்கேயே, 120 வயதில் இறந்தார். அவரைப் புதைத்த இடம் இன்றுவரை யாருக்கும் தெரியாது.