எண்ணெயின் ரகசியம் கண்ட பேராசிரியர்

மார்கழி மாதம் வந்துவிட்டால் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடுகிறது. பாட்டிலைக் கவிழ்த்தாலும் சொட்டு விழாது. சிறிது நேரம் வெயிலில் வைத்தால் இளகி ஓடும். மோட்டார் காருக்கு ஊற்றும் எண்ணெய் நம் ஊர்க் குளிரில் உறையாது. ஆனாலும் கெட்டிப்படும்.

பொன்னேரி தாலுகாவில் சோழவரம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அங்கே ஒரு விமானத் தளம் போட்டார்கள். போர் முடிந்தபின் பல ஆண்டுகள் அதில் மோட்டார் பந்தயம் நடந்தது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் திரளும்.

பந்தயக் கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த சங்கதி ஒன்று உண்டு. காலையில் இஞ்சினைக் கிளப்பியதும் எண்ணெயின் அழுத்தம் காட்டும் முள் விர்ரென்று மேலே ஏறும். இஞ்சின் சூடானதும் மெல்ல இறங்கும். புதிதாகப் பார்ப்பவர் பயந்துவிடுவார். பயப்பட ஒன்றும் இல்லை. கெட்டியான எண்ணெய் குறுகிய வழியில் எளிதாகப் போகாது. பம்போ தள்ளுவதை நிறுத்தாது. அதனால் அழுத்தம் ஏறுகிறது.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. முள் உயரத்தில் நிற்கிறதே, எண்ணெய் எல்லா இடத்துக்கும் போயிருக்கும் என்று நம்பி முழு வேகத்தில் முடுக்கக்கூடாது. அழுத்தம் மிஞ்சினால் ஒரு வால்வு திறந்து எண்ணெயைத் திருப்பி விட்டுவிடும். போய்ச் சேரவேண்டிய இடம் காய்ந்து கிடக்கும். இஞ்சினைச் சற்று நேரம் நிதானமாக ஓடவிட்டுச் சூடேற்றுவது இதற்காகத்தான்.

எண்ணெய் இப்படி நடந்துகொள்வதற்குக் கணக்குக் கண்டவர் ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ்.

பட்டறையில் பாடம்

அவர் 1842-ம் ஆண்டு ஆகஸ்டு 23-ந் தேதி அயர்லாந்தில் பெல்பாஸ்ட் நகரில் பிறந்தார். தந்தை பாதிரியார், பள்ளி ஆசிரியரும்கூட. யந்திரங்களில் அவருக்கு ஆசை அதிகம். அந்த ஆசை மகனுக்கும் தொற்றிக்கொண்டது.

ரேனால்ட்ஸ் நேராகக் கல்லூரிக்குப் போகவில்லை. 1861-ல் ஒரு பட்டறையில் சேர்ந்து கையில் கரி படிய வேலை கற்றார். கணக்குத் தெரியாமல் யந்திரம் புரியாது என்று கண்டபிறகே கேம்பிரிட்ஜ் சென்றார். 1867-ல் கணிதத் தேர்வில் ஏழாவதாகத் தேறினார். மறு ஆண்டே மான்செஸ்டர் நகர ஓவன்ஸ் கல்லூரியில் என்ஜினீயரிங் பேராசிரியர் ஆனார். அப்போது அவருக்கு வயது 25.

அதே ஆண்டில் திருமணமும் நடந்தது. ஆனால் ஒரே வருடத்தில் மனைவி இறந்துபோனார். அவர் மறுமணம் செய்துகொண்டது 1881-ல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் ஆராய்ச்சியே அவருக்குத் துணை.

பாடம் நடத்துவதில் அவர் கெட்டிக்காரர் அல்ல. ஒன்றைத் தொடங்கி வேறொன்றுக்குப் போய்விடுவார். மாணவர்கள் விழிப்பார்கள். ஆனால் பின்னாளில் எலெக்ட்ரானைக் கண்டுபிடித்த ஜே. ஜே. தாம்சன் அந்த மாணவர்களில் ஒருவர்.

கொந்தளிக்கும் கடலில் எண்ணெய் ஊற்றினால் அலை அடங்கும் என்பது மாலுமிகளின் பழைய அனுபவம். அது ஏன் என்று 1880-ல் ஆராய்ந்தார். 1883-ல் கண்ணாடிக் குழாயில் ஓடும் நீரில் சாயத்தை இழைபோல விட்டுப் பார்த்தார். மெதுவாக ஓடும்போது சாயம் நூல்போல நேராகப் போயிற்று. வேகம் கூடியதும் சுழன்று கலங்கிவிட்டது. அவர் பெயரால் வழங்கும் எண் இதிலிருந்து பிறந்ததுதான்.

கழன்று வந்த கட்டை

அந்தச் சமயத்தில் பீச்சாம் டவர் என்ற என்ஜினீயர் ரெயில் வண்டி அச்சுகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காக, அச்சைத் தாங்கும் பித்தளைத் தாங்கியின் மேல் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் துளை வழியாக எண்ணெய் மேலே பொங்கியது! தக்கை வைத்து அடைத்தார், வெளியே தள்ளிவிட்டது. மரக்கட்டையை அடித்துச் செருகினார்; அதுவும் மெல்லக் கழன்று வந்தது. அழுத்தமானியை மாட்டினார். சதுர அங்குலத்துக்கு 200 ராத்தலையும் தாண்டி ஏறியது. அச்சின் மேல் இருந்த சராசரிப் பாரமோ அதில் பாதிதான்.

பம்பு எதுவும் இல்லை. இவ்வளவு அழுத்தம் எங்கிருந்து வந்தது?

1886-ல் ரேனால்ட்ஸ் விடை சொன்னார். அச்சு தாங்கியின் நட்ட நடுவில் இருப்பதில்லை. ஒரு பக்கம் இடைவெளி குறுகியிருக்கும். சுழலும் அச்சு எண்ணெயை அந்தக் குறுகிய இடத்துக்குள் இழுத்துச் செல்கிறது. திருவிழாக் கூட்டம் ஒரு சந்துக்குள் நெருங்குவதுபோல எண்ணெய் நெருங்குகிறது. அந்த நெருக்கமே அச்சைத் தூக்கி நிறுத்துகிறது. இரும்பு பித்தளையைத் தொடுவதே இல்லை.

எண்ணெயின் கெட்டித்தன்மை தெரியாமல் இந்தக் கணக்கு முடியாது. ஆகவே ஆலிவ் எண்ணெயை வெவ்வேறு சூட்டில் வைத்து அளந்தார். சூடு ஏற ஏற எண்ணெய் எவ்வளவு இளகுகிறது என்பதற்கு ஒரு சூத்திரமே எழுதினார். இன்றைய கார் எண்ணெய்கூட, காலைக் குளிர்ச்சியில் இருப்பதைவிட 100 டிகிரி சூட்டில் பத்து மடங்குக்கு மேல் இளகிவிடுகிறது. முள் ஏறி இறங்குவது இதனால்தான்.

வேடிக்கை என்னவென்றால், கார்ல் பென்ஸ் தமது மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கோரியதும் அதே 1886-ல்தான். ரேனால்ட்ஸ் மனத்தில் இருந்தது ரெயில் அச்சு மட்டுமே.

கடைசி நாட்கள்

1905-ல் அவர் ஓய்வு பெற்றார். நோயால் உடல் தளர்ந்தது. அத்தனை கணக்குகளைப் போட்ட மூளையும் மங்கத் தொடங்கியது. 1912 பிப்ரவரி 21-ந் தேதி, வாட்செட் என்ற கடற்கரை ஊரில் காலமானார்.

சாயம் விட்டுப் பார்த்த அந்தக் கருவி மான்செஸ்டரில் பாதுகாக்கப்பட்டது. பின்னாளில் சிலர் அதே சோதனையை அதிலேயே செய்து பார்த்தார்கள். சாயம் அவர் கண்ட அளவுக்கு முன்பே கலங்கிவிட்டது. தெருவில் ஓடும் மோட்டார் வண்டிகளின் அதிர்ச்சிதான் காரணம்.