தமிழில் வைத்தியம் தந்த கிறீனும் எங்கள் குளிசைகளும்

கொழும்புத்துறையில் நடுவயதைத் தாண்டியவர்கள் உள்ள வீடுகள் சிலவற்றில் கிளினிக்கில் தந்த கொழுப்புக் குளிசையும் இருக்கும், அயலவர் சொன்ன மரமஞ்சள் கசாயமும் இருக்கும். இடப்பெயர்வுக் காலத்தில் நிவாரண மாவுடனும் சீனியுடனும் நாட்களைக் கடத்திய எமக்கு, இன்று வயிற்றுக் கொழுப்பும் நீரிழிவும் புதிய சுமைகள். ஆனால் எந்த மருந்து உடலில் என்ன செய்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

இந்தத் தெரியாமையைப் போக்க ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே யாழ்ப்பாணத்தில் உழைத்தவர் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

1822இல் அமெரிக்காவின் வூஸ்ரர் நகரில் பிறந்த அவர், நியூயோர்க்கில் வைத்தியம் படித்து, 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக இங்கு வந்தார். அடுத்த ஆண்டிலிருந்து மானிப்பாயில் நோயாளரைப் பார்த்தபடியே மாணவருக்கும் கற்பித்தார். மதம் பரப்புவதும் அவரது நோக்கமாக இருந்தது. தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே வகுப்புகள் நடந்தன. ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரச வேலைக்குப் போய்விடுவார்கள், தமிழில் படித்தவர்களே கிராமங்களில் தங்குவார்கள் என்று கருதிய அவர், 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார்.

அதற்கு நூல்கள் தேவைப்பட்டன. தமிழ் கற்று, தம் மாணவர்களின் துணையுடன் மொழிபெயர்த்தார். சத்திரசிகிச்சை பற்றிய இரண வைத்தியம் 1867இல் வந்தது. 1873இல் நாடு திரும்பிய பின்னரும் பணி நிற்கவில்லை. கெமிஸ்தம் 1875இல் வெளியானது. இந்து பதார்த்த சாரம் என்ற மருந்து நூலும் இந்த வரிசையில் ஒன்று. அறுபதுக்கும் அதிகமான வைத்தியர்களை உருவாக்கிய அவர் 1884இல் காலமானார். தாம் தமிழருக்கு வைத்தியப் பணி செய்தவர் என்பதைக் கல்லறையில் பொறிக்க வேண்டும் என்பதே அவரது விருப்பமாக இருந்தது.

அவர் காட்டிய வழி இன்றும் எமக்குத் தேவை. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் 1970களில் யப்பானில் ஒரு பூஞ்சணத்திலிருந்து கண்டறியப்பட்டது. நீரிழிவுக்கான மெற்போமினின் தொடக்கமும் ஓர் ஐரோப்பிய மூலிகையே. மரமஞ்சளிலுள்ள பெர்பரின் கொழுப்பையும் சீனியையும் ஓரளவு குறைப்பதாகச் சிறு ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே மூலிகையா குளிசையா என்று சண்டை பிடிக்கத் தேவையில்லை. அளவையும் சேர்க்கையையும்தான் கவனிக்க வேண்டும். பெர்பரின் வேறு மருந்துகள் உடலில் வேலை செய்யும் விதத்தை மாற்றக்கூடும். குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். குடிக்கும் கசாயத்தைக் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள். விளங்காததைத் தமிழிலேயே கேளுங்கள்.