குழாய் நீரில் மறைந்திருந்த கால்சியம்

மருத்துவமனையில் டிங்கி நோயாளிகளின் கட்டிலருகே தொங்கும் திரவப் பைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் சிலவற்றின் மீது 'ரிங்கர்ஸ் லாக்டேட்' என்று எழுதியிருக்கும். ரிங்கர் என்பது ஒரு மருத்துவரின் பெயர். உயிரியல் வகுப்பில் தசைச் சுருக்கத்தைப் பற்றி நடத்தும்போதெல்லாம் நான் அவரிடமிருந்துதான் தொடங்குவேன். கால்சியம் என்றால் எலும்பும் பல்லும் மட்டுமே என்று நினைத்திருக்கும் மாணவர்களுக்கு அவருடைய வாழ்க்கை நல்ல பாடம்.

சிட்னி ரிங்கர் 1830-களில் இங்கிலாந்தின் நார்விச் நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் மருத்துவம் பயின்று 1860-இல் பட்டம் பெற்றார். பிறகு அக்கல்லூரியின் மருத்துவமனையிலேயே வாழ்நாள் முழுவதும் பணியாற்றினார். மருந்துகளின் பயன்பாடு குறித்து 1869-இல் அவர் எழுதிய கையேடு 13 பதிப்புகள் கண்டது. அந்தப் புகழே ஒரு மருத்துவருக்குப் போதுமானதுதான். ஆனால் அவருக்கு இன்னொரு கேள்வி இருந்தது. உடலை விட்டு வெளியே எடுத்த தவளை இதயம் தொடர்ந்து துடிக்க வேண்டுமானால் அதற்கு என்னென்ன உப்புகள் தேவை? நோயாளிகளைப் பார்க்கும் நேரம் போக, கல்லூரியின் உடலியல் ஆய்வுக்கூடத்தில் அவர் இதற்கு விடை தேடினார்.

1882-இல் தம் முடிவுகளை ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார். தாம் பயன்படுத்திய உப்புக் கரைசல், காய்ச்சி வடித்த தூய நீரில் தயாரிக்கப்பட்டது என்றே அவர் நம்பியிருந்தார். கட்டுரை வெளிவந்த பிறகுதான் உண்மை தெரிந்தது. கரைசலுக்குப் பயன்பட்டது சாதாரணக் குழாய் நீர். லண்டனுக்கு நீர் வழங்கிய நியூ ரிவர் நிறுவனத்தின் நீர் அது. ஹெர்ட்ஃபோர்டுஷயர் வட்டாரத்தின் சுண்ணப் பாறை ஊற்றுகளிலிருந்து வாய்க்கால் வழியே வந்த நீர் என்பதால், அதில் கால்சியம் கலந்திருந்தது.

ரிங்கர் உடனே, உண்மையாகவே காய்ச்சி வடித்த நீரில் புதிய கரைசல் தயாரித்துச் சோதனையைத் திரும்பச் செய்தார். முன்பு கண்ட விளைவுகள் வரவில்லை. இதயத்தின் துடிப்பு மெல்ல மெல்ல ஒடுங்கி நின்றது. கரைசலில் சிறிதளவு கால்சியத்தைச் சேர்த்ததும் மீண்டும் துடித்தது. கால்சியம் மட்டும் கூடினால் இதயம் சுருங்கிய பின் சரியாகத் தளரவில்லை. அதைச் சரிசெய்யப் பொட்டாசியம் தேவைப்பட்டது. சோடியம், பொட்டாசியம், கால்சியம் மூன்றும் அளவோடு சேர்ந்த ரிங்கர் கரைசல் இப்படித்தான் உருவானது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அலெக்சிஸ் ஹார்ட்மன் 1930-களில் அதனுடன் லாக்டேட்டைச் சேர்த்தார். இன்று நோயாளியின் கட்டிலருகே தொங்குவது அதுதான்.

ரிங்கர் முதல் கட்டுரையை அப்படியே விட்டிருக்கலாம். நீரைப் பற்றி வேறு யாரும் கேள்வி கேட்டிருக்கவில்லை. பெயர் பெற்ற மருத்துவர் தம் முடிவைத் தாமே திருத்துவது எளிதான காரியமும் அல்ல. ஆனால் 1883-இல் அதே ஆய்விதழில், குழாய் நீரைப் பற்றியும் முதல் கட்டுரையில் கண்ட விளைவுகள் திரும்ப வராததைப் பற்றியும் வெளிப்படையாக எழுதினார். அந்தத் திருத்தமே அவருடைய மிகப் பெரிய கண்டுபிடிப்பாக நிலைத்தது.

இதயத்துக்குக் கால்சியம் வேண்டும் என்பது தெளிவானது. எலும்புகளை அசைக்கும் தசைகளோ புதிராகவே இருந்தன. கால்சியம் இல்லாத கரைசலில் வைத்தாலும் தவளையின் கால் தசை சிறிது நேரம் சுருங்கி விரியும். அப்படியானால் அதற்குக் கால்சியம் தேவையில்லையா? 1947-இல் அமெரிக்காவின் ஹெய்ல்பிரனும் வியர்சின்ஸ்கியும் தசை இழைக்குள்ளேயே பல உப்புகளைச் செலுத்திப் பார்த்தனர். கால்சியம் சென்றபோது இழை சுருங்கியது. 1960-களில் ஜப்பானியர் செட்சுரோ எபாஷி, கால்சியம் வந்து பிணையும் டிராபோனின் என்ற புரதத்தைக் கண்டறிந்தார்.

புதிரின் விடை இதுதான். இதயத் தசை ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியிலிருந்து வரும் கால்சியத்தை நம்பியிருக்கிறது. எலும்புத் தசையோ தனக்குத் தேவையானதை இழைக்குள்ளேயே நுண்ணிய பைகளில் சேமித்து வைத்திருக்கிறது. ஓய்வில் இருக்கும்போது இழையின் திரவத்தில் உள்ள கால்சியம், வெளியே இருப்பதில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். நரம்பிலிருந்து கட்டளை வந்ததும் பைகள் திறந்து கால்சியம் பாய்கிறது. அது டிராபோனினுடன் பிணைந்ததும், ஆக்டின் இழையை மூடியிருந்த புரதம் விலகுகிறது. மயோசின் ஆக்டினைப் பற்றி இழுக்கிறது. தசை சுருங்குகிறது. பிறகு ஏ.டி.பி. தரும் ஆற்றலைக் கொண்டு கால்சியம் மீண்டும் பைகளுக்குள் ஏற்றப்படுகிறது. தசை தளர்கிறது. நீங்கள் இந்தத் தாளைப் பிடித்திருக்கும் விரல்களிலும் இதுவே நடக்கிறது.

ரிங்கர் 1885-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். சிறு வயதில் இறந்துபோன தம் மகளின் நினைவாக யார்க்‌ஷயரின் லாஸ்டிங்ஹாம் கிராமத் தேவாலயத்தைத் தம் செலவில் புதுப்பித்துக் கொடுத்தவர் அவர். ஓய்வுக் காலத்தை அந்தக் கிராமத்திலேயே கழித்து, 1910-இல் காலமானார். டிராபோனினையும் இழைக்குள் இருக்கும் கால்சியப் பைகளையும் அவர் அறிந்ததில்லை.

மாணவர்களே, செய்முறை அறிக்கைகளைத் திருத்தும்போது நான் அடிக்கடி காண்பது ஒன்று உண்டு. இரண்டாம் அளவீடு முதல் அளவீட்டோடு ஒத்துப்போகாவிட்டால், பலர் அதை அழித்துவிட்டு எதிர்பார்த்த எண்ணை எழுதிவிடுகிறார்கள். மதிப்பெண் போய்விடுமோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த எண்ணை அழிக்காதீர்கள். எந்த நீர், எந்தப் புட்டி, என்ன வெப்பநிலை என்று சேர்த்து எழுதி வையுங்கள். ஒத்துப்போகாத எண்கள் பெரும்பாலும் கவனக்குறைவால் வருபவைதான். ஆனால் எது கவனக்குறைவு, எது கால்சியம் என்பதை, எழுதி வைத்த பிறகே கண்டுபிடிக்க முடியும்.