ஒருவர் சொல்ல, எல்லோரும் சொல்ல

அய்யாவின் சரித்திரம், ஒரு பெயரைக் கூப்பிட முடியாமல் போனதில் தொடங்குகிறது. 1809-இல், இன்றைய சாமித்தோப்பில், பொன்னு நாடாருக்கும் வெயிலாள் அம்மைக்கும் பிறந்த பிள்ளைக்கு முடிசூடும் பெருமாள் என்று பெயரிட்டார்கள். ஒதுக்கப்பட்ட குடியில் முடியும் பெருமாளுமா என்று மேல்சாதியார் சீறினார்கள். முத்துக்குட்டி என்று மாற்ற வேண்டியதாயிற்று. பெற்ற தாய்கூட வாய் நிறையக் கூப்பிட முடியாத காலம் அது. ஆணுக்குத் தலைவரி, பெண் தோளுக்குத் துணி கூடாது, கோவிலுக்குள் கால் வைக்கக் கூடாது. உள்ளே ஓதிய மந்திரம் வெளியே நின்றவர் காதுக்கு எட்டாது, எட்டினாலும் விளங்காது.

கொல்லம் 1008 மாசி 20 (1833) அன்று திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராய் எழுந்து வந்தவர், பூவண்டன்தோப்பில் ஆறு ஆண்டு தவமிருந்தார். அவரைத் தேடி மக்கள் திரண்டார்கள். சுவாதித் திருநாள் மன்னரின் சேவகர் அவரைப் பிடித்துத் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார்கள். சிறை மீண்டபின் எழுநூறு குடும்பங்கள் வாகைப்பதியில் துவையல் தவசு இருந்தன.

அந்த மக்களுக்கு அய்யா தந்த வழிபாட்டைப் பாருங்கள். பூசாரி இல்லை, புரியாத மொழி இல்லை. 1841-இல் அரிகோபாலன் சீடர் அகிலத்திரட்டை எழுதினார். ஆனால் ஏடு வாசிக்கத் தெரிந்தவர் அன்று எத்தனை பேர்? உகப்படிப்பிலும் உச்சிப்படிப்பிலும் ஒருவர் முன்னே சொல்வார், மற்றவர் அதையே திரும்பச் சொல்வார்கள். சிவசிவா, அரகரா என்று வாய்க்கு அடங்கும் சின்னச் சொற்கள். எழுத்தறியாத பனையேறியும் நாலு நாள் வந்தால் வாய்ப்பாடமாகிவிடும். பதிக்கு வெளியே ஒருவரையொருவர் கண்டாலும் அய்யா உண்டு என்பதே வணக்கம். கேட்டவரும் அதையே சொல்வார். இதில் பெரியவர் சிறியவர் இல்லை.

இப்போது சில தாங்கல்களில் ஒலிபெருக்கி வைத்துப் படிப்பவர் ஓட்டமாய் ஓடுகிறார். பின்னால் இருப்பவர்கள் முணுமுணுத்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை அவர் சற்றே பொறுத்தால் என்ன?

1851 வைகாசி 21 அன்று அய்யா வைகுண்டம் சென்றார். கைதியாய்க் கொண்டுபோகப்பட்ட திருவனந்தபுரத்திலிருந்து இன்று மாசி 19-இல் வாகன பவனி புறப்படுகிறது. தலைப்பாகை கட்டி நெற்றியில் நாமமிட்டவர்கள் சாமித்தோப்பு நோக்கி வருகிறார்கள். முன்னே போகிறவர் சிவசிவா என்று குரல் கொடுக்கிறார். அப்பன் தோளிலிருக்கும் குழந்தை, எல்லோரும் சொல்லி ஓய்ந்தபின், கடைசியாக அரகரா என்கிறது.