சிரவணன் கதை படித்த பிள்ளை

கண் தெரியாத தாய் தந்தையைக் காவடியில் உட்கார வைத்து, தோளில் சுமந்து தீர்த்த யாத்திரை கூட்டிப்போனவன் சிரவணன். ராமாயணம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அவனைத் தெரியும். தண்ணீர் மொள்ளப் போன இடத்தில் தசரதன் விட்ட அம்பு பட்டு அவன் மாண்டதும், பெற்றவர்கள் கதறியதும் கல்லையும் கரைக்கும் கதை. குஜராத்தில் இது தனி நாடக நூலாகவே வந்திருந்தது. கரம்சந்த் காந்தி அதை வாங்கி வீட்டில் வைத்திருந்தார். பாடப் புத்தகம் தவிர வேறெதையும் தொடாத அவருடைய கடைசி மகன் மோகன்தாஸ் ஒருநாள் அதை எடுத்தான். கீழே வைக்க மனம் வரவில்லை.

அதே சமயத்தில் ஊர் ஊராகப் படம் காட்டிப் பிழைப்பவர்கள் வந்தார்கள். காவடி சுமக்கும் சிரவணனின் படமும் அவர்களிடம் இருந்தது. புத்தகத்தில் படித்தவனைக் கண்ணாலும் பார்த்தாயிற்று. மகனை இழந்த பெற்றோரின் புலம்பல் பாட்டை அந்தப் பையன் தன் வாத்தியத்தில் வாசித்து வாசித்து உருகினான். அந்த வாத்தியமும் அப்பா வாங்கித் தந்ததுதான்.

பிறகு அரிச்சந்திரன் நாடகம். அப்பாவிடம் அனுமதி கேட்டுப் போய்ப் பார்த்தான். நாடு போய், மனைவி போய், மகன் போய், சுடுகாட்டில் நின்றபோதும் பொய் சொல்லாத அந்தக் குடும்பம் அவனை விடவில்லை. தனக்குள்ளேயே அந்த நாடகத்தை எத்தனையோ தடவை நடித்துப் பார்த்து அழுதான். எல்லோரும் ஏன் அப்படி இருக்கக் கூடாது என்பதே அவனுடைய கேள்வி.

1869 அக்டோபர் 2ஆம் நாள் போர்பந்தரில் பிறந்த அந்தப் பிள்ளையை உட்கார வைத்து யாரும் உபதேசம் செய்ததாகத் தெரியவில்லை. பேய்க்குப் பயந்தபோது ராம நாமம் சொல்லச் சொன்னவர் வீட்டில் வேலை செய்த ரம்பா என்ற மூதாட்டி. தாய் புத்லிபாய் மழைக்கால விரதத்தில் சூரியனைப் பார்க்காமல் சாப்பிட மாட்டார். பிள்ளைகள் வாசலில் காத்திருந்து, வெயில் எட்டிப் பார்த்ததும் அம்மாவிடம் ஓடிச் சொல்வார்கள். அவர் வெளியே வருவதற்குள் மேகம் மூடிவிடும். முகம் சுளிக்காமல் மறுபடியும் வேலைக்குத் திரும்பிவிடுவார். புராணத்தில் படித்தது வீட்டிலேயே நடந்துகொண்டிருந்தது.

ஆனாலும் பிள்ளை தவறினான். 15 வயதில், ஏறக்குறைய 25 ரூபாய்க் கடனைத் தீர்ப்பதற்காக அண்ணனின் காப்பிலிருந்து கொஞ்சம் தங்கத்தைத் திருடினான். மனம் குத்தியது. நேரில் சொல்ல நாக்கு எழவில்லை. எல்லாவற்றையும் எழுதி, தண்டனையும் கேட்டு, நோயில் படுத்திருந்த அப்பாவிடம் நீட்டினான். அவர் எழுந்து உட்கார்ந்து படித்தார். கண்ணீர் வழிந்து தாள் நனைந்தது. பிறகு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார். அடியும் இல்லை, திட்டும் இல்லை.

அந்த அப்பாவுக்குத் தினமும் இரவில் கால் பிடித்துவிடுவது மோகன்தாஸின் வேலை. சிரவணனாக இருக்கத்தான் ஆசை. 13 வயதில் அவனுக்குத் திருமணமும் ஆகியிருந்தது. 1885இல் ஓர் இரவு சித்தப்பா வந்து, தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னதும், நேரே மனைவி இருந்த அறைக்குப் போனான். சில நிமிடங்களில் கதவு தட்டப்பட்டது. அப்பாவின் உயிர் போயிருந்தது. கடைசி மூச்சின்போது பக்கத்தில் இல்லாததை, அழிக்க முடியாத கறையாகப் பின்னாளில் அவரே எழுதி வைத்தார்.

இங்கிலாந்தில் சட்டம் படித்து, 1893இல் தென்னாப்பிரிக்கா போன அவர், 1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே நண்பர் காலன்பாக் தந்த 1,100 ஏக்கரில் டால்ஸ்டாய் பண்ணையை அமைத்தார். போராட்டத்தில் சிறை சென்றவர்களின் குடும்பங்கள் அங்கே தங்கின. தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்தவர் காந்தியேதான். கப்பலிலும் சிறையிலும் போப்பின் புத்தகத்தை வைத்துக் கற்ற அரைகுறைத் தமிழ் அது. பேச்சில் பிள்ளைகள் அவரை எளிதாக வென்றுவிடுவார்கள். ஆங்கிலம் தெரியாத தமிழர்கள் வந்தால் அந்தப் பிள்ளைகளே மொழிபெயர்ப்பாளர்கள். வாத்தியார் பொய் சொன்னால் பிள்ளை உண்மை பேசாது என்பதை அங்கேதான் அவர் உறுதியாகக் கண்டார். ஏட்டைவிட வாத்தியாரின் நடத்தையே பாடம் என்று நடந்தார்.

ஆனால் சொந்த வீட்டில் கதை வேறு மாதிரிப் போனது. மூத்த மகன் ஹரிலால் அப்பாவின் போராட்டத்தில் பலமுறை சிறை சென்றவர். சின்ன காந்தி என்றே மக்கள் அவரை அழைத்தார்கள். அவருக்குப் பள்ளிப் படிப்பு வேண்டும், அப்பாவைப் போல லண்டன் போக வேண்டும். காந்திக்கோ அந்தப் படிப்பில் நம்பிக்கை போயிருந்தது. தன் மகனுக்கு மட்டும் சலுகை காட்டவும் அவர் தயாரில்லை. உதவித்தொகை வாய்ப்பு வந்தபோது அது வேறு இளைஞருக்குப் போயிற்று. 1911இல் ஹரிலால் பிரிந்து போனார். பிறகு மனைவியை இழந்தார், குடியில் விழுந்தார். அரிச்சந்திரன் உண்மைக்காக மகனை இழந்ததைப் பார்த்து அழுத சிறுவன், தன் கொள்கைக்குத் தன் மகன் கொடுத்த விலையை எப்படிக் கணக்கிட்டிருப்பார்?

கடைசி மகன் தேவதாஸின் கதை இதற்கு நேர்மாறு. ராஜாஜியின் மகள் லட்சுமியை விரும்பினார். இரு தகப்பன்மாரும் ஐந்தாண்டு பிரிந்திருக்கச் சொன்னார்கள். இருவரும் காத்திருந்து 1933இல் மணந்தார்கள். ஒரே வீட்டில் ஒரே கதை கேட்டு வளர்ந்தாலும் எல்லாப் பிள்ளையும் ஒரே அச்சு அல்லவே.

ஒருமுறை கட்னி ரயில் நிலையத்தில் கூட்டம் காந்திக்கு ஜே போட்டபோது, ஒரு குரல் மட்டும் கஸ்தூரிபாவுக்கு ஜே போட்டது. கந்தல் உடையில் ஹரிலால். கையில் இருந்த ஒரே ஆரஞ்சுப் பழத்தை அம்மாவிடம் கொடுத்தார். எனக்கு இல்லையா என்று காந்தி கேட்டதற்கு, இது அம்மாவுக்கு மட்டும் என்று சொல்லிவிட்டார். அம்மா சாப்பிட்டே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்.

கஸ்தூரிபா 1944இல் சிறைக்காவலில் காலமானார். 1948 ஜனவரி 30ஆம் தேதி காந்தி சுடப்பட்டு இறந்தார். சிதைக்குத் தீ வைத்தவர் மூத்த பிள்ளை அல்ல, மூன்றாவது மகன் ராமதாஸ். அதே ஆண்டு ஜூன் 18ஆம் தேதி, பம்பாய் மருத்துவமனை ஒன்றில் ஹரிலாலும் கண்ணை மூடினார்.