மூன்று இரவுகளும் ஒரு பள்ளத்தாக்கும்

பெரியோர் வரலாற்றை எழுதுவோர் அவர்தம் நூல்களையும் பட்டங்களையுமே பெரும்பாலும் நிரற்படுத்துவர். காட்டறிஞர் ஜோன் மியூரின் வாழ்க்கையைப் பயிலுந்தோறும் என் நெஞ்சம் சென்று தங்குவதோ, 1903ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் மேற்கொண்ட குதிரைப் பயணம் ஒன்றிலேயாம்.

ஸ்கொத்லாந்தின் டன்பார் என்னும் கடற்கரையூரில் 1838இல் பிறந்த மியூர், 1849இல் தந்தையாருடன் அமெரிக்கா சென்று, விஸ்கொன்சின் மாநிலத்துப் பண்ணையிலே உழைத்து வளர்ந்தார். இயந்திரங்கள் அமைப்பதில் வல்லவரான அவருக்கு 1867இல் தொழிற்சாலையொன்றில் கண்ணிற் கடுங் காயம் ஏற்பட்டது. வாரக்கணக்கில் இருட்டறையிற் கிடந்தார். பார்வை மீண்டதும் இயந்திரங்களைத் துறந்து இயற்கையை நாடினார். மறு ஆண்டு கலிபோர்னியாவை அடைந்து, யொசெமிற்றி மலைப்புறத்தில் ஆட்டு மந்தையுடனும் மரமரியும் ஆலையிலும் வாழ்ந்துகொண்டே பாறைகளையும் பனிக்கட்டியாறுகளின் சுவடுகளையும் ஆராய்ந்தார்.

யொசெமிற்றிப் பள்ளத்தாக்கையும், செக்கோயாப் பெருமரங்கள் நிறைந்த மரிப்போசாச் சோலையையும் 1864இல் லிங்கனின் அரசாங்கம் கலிபோர்னியா மாநிலத்திடம் ஒப்படைத்திருந்தது. 1890இல் சுற்றியிருந்த மலைக்காடு தேசியப் பூங்காவாயிற்று. ஆயினும் நடுநாயகமான அவ்விரு இடங்களும் மாநிலத்தின் கையிலேயே எஞ்சின. பள்ளத்தாக்கின் புல்வெளிகளில் வேலியும் உழவும் மேய்ச்சலும் புகுந்தன. ஒரே காட்டுக்கு இரு எசமானர் இருத்தலாகாது என மியூர் வாதாடினார். 1892இல் சியரா கழகத்தை நிறுவியோருள் அவரே முதல்வர்.

இந்நிலையிலேதான் சனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ற், மியூரோடு தனித்துக் காட்டிலே தங்க விரும்பிக் கடிதம் விடுத்தார். அப்பொழுது மியூர் உலகப் பயணத்துக்கு ஆயத்தமாயிருந்தார். காட்டுக்கு நன்மை விளையும் என்றெண்ணி அதனைப் பிற்போட்டார்.

அப்பயணம் வகுக்கப்பட்ட முறையை நான் பெரிதும் மதிக்கிறேன். பள்ளத்தாக்கிலே விருந்தும் வாணவேடிக்கையும் ஆயத்தமாயிருந்தன. அவையெல்லாம் தவிர்க்கப்பட்டன. காவலரும் அதிகாரிகளும் விலக, வழியறிந்த காட்டுக்காவலர் இருவரும் பொதிவிலங்குகளைப் பார்ப்பவர் ஒருவருமே உடன் சென்றனர். கம்பளிகளும் உணவும் விலங்குகளின் முதுகில் ஏறின. முதலிரவு செக்கோயா மரத்தடியில் கழிந்தது. மறுநாள் விடுதிகளை ஒதுக்கிப் பனி மூடிய மேட்டுவழியே குதிரைகளைச் செலுத்தினர். அன்றிரவு பெய்த புதுப்பனி கம்பளிகளை மூடியது. மூன்றாம் இரவு பள்ளத்தாக்கின் புல்வெளியிலே தங்கினர். நெருப்பருகே அமர்ந்து பேசுதற்கும், கேட்பவர் கேட்டவற்றை மறுநாள் கண்ணாற் காண்பதற்கும் அவ்வழி இடந்தந்தது. விருந்து மண்டபம் அதனைத் தந்திராது.

1905இல் மாநிலச் சட்டசபை இசைந்தது. 1906இல் பள்ளத்தாக்கும் சோலையும் தேசியப் பூங்காவோடு இணைந்தன. இவ்வெற்றி மூன்று இரவுகளால் மாத்திரம் விளைந்ததன்று. சியரா கழகத்தாரின் இடையறாத முயற்சியும் புகையிரதப் பெருமுதலாளி ஹரிமனின் செல்வாக்கும் அதற்குத் துணைநின்றன.

மியூரின் வாழ்வு வெற்றியோடு முடியவில்லை. அதே பூங்காவின் ஹெற்ச் ஹெற்சிப் பள்ளத்தாக்கிலே சான் பிரான்சிஸ்கோ நகரின் நீர்த்தேவைக்காக அணைகட்ட 1913இல் சட்டம் இயற்றப்பட்டது. மறு ஆண்டு திசெம்பர் 24ஆம் நாள் அவர் லொஸ் ஏஞ்சல்சிலே காலமானார்.

ஒன்றை மறைத்தல் தகாது. 1851இல் படையினர் அப்பள்ளத்தாக்கிற் புகுந்து தொல்குடியினரைத் துரத்தினர். அம்மக்களைப் பற்றி மியூர் தம் இளமை எழுத்துக்களிற் கூறியவை கடுமையானவை. 2020இல் சியரா கழகமே அதனை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. மரத்தை அன்போடு நோக்கிய கண், அம்மரத்தடியில் வாழ்ந்த மனிதரை அவ்வாறு நோக்கத் தவறிற்று.

ஆயினும், ஆட்சியாளரைக் காட்டிடமே அழைத்துச் சென்று காட்டின் வழக்கைக் கேட்பித்த திறம் அவருடையது. நம் மாணவர் மியூரிடம் முதற்கண் கற்கவேண்டியது அதுவே என்பது என் துணிபு.